கடற்கரைச் சாலை கூறும் வரலாறு: லுக்குட் முதல் மலாக்கா வரை



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் புறப்படுவது வழக்கம். சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் மாற்றுத் துணியும் கையுமாகப் பிள்ளைகள் போவார்கள். கடலில் குளிப்பார்கள், மணலில் புரளுவார்கள், மாலையில் களைத்துத் திரும்புவார்கள். மறுநாள் வகுப்பில், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "கடல் பார்த்தோம், ஐயா" என்பார்கள். கடலைப் பார்த்ததில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கடலை ஒட்டியே ஒரு சாலை ஓடுகிறதே, அந்தச் சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போயிருந்தால், ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றையும் அவர்கள் பார்த்திருக்கலாம். இன்றைய உரையில் அந்தச் சாலை வழியே உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். லுக்குட்டில் தொடங்கி மலாக்காவில் முடியும் ஒரு நாள் பயணம் இது.

பயணத்தைத் தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். இந்தக் கரையில் மனிதர் தமக்கு விருப்பமான இடத்தில் எல்லாம் ஊர் அமைத்துவிடவில்லை. ஆறு கடலில் கலக்கும் இடம், கடலுக்குள் நீண்டு நிற்கும் முனை, காற்றுக்கு ஒதுங்கும் துறை ஆகியவற்றை இயற்கை முதலில் அமைத்தது. மனிதர் அதன் பின்னே வந்தார்கள். ஆகவே நாம் நிற்கப்போகும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்போம். இயற்கை இங்கே என்ன வைத்தது? மனிதர் அதை என்ன செய்தார்கள்?

நம் முதல் நிறுத்தம் லுக்குட். இன்று லுக்குட் ஆற்றைப் பார்ப்பவர்களுக்கு அது ஒரு சாதாரண ஆறாகத்தான் தோன்றும். இரு கரையிலும் கண்டல் மரங்கள், சேற்றில் ஓடும் நண்டுகள், கட்டிக்கிடக்கும் மீன்பிடி படகுகள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஆறு வழியாகத்தான் ஈயம் வெளியேறியது. ஈய லம்பம் என்று நம் மக்கள் சொல்லும் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பாடுபட்டார்கள். 1834-ஆம் ஆண்டு அவர்கள் கிளர்ந்தெழுந்து, அப்பகுதியை ஆண்ட ராஜா பூசுவைக் கொன்றார்கள். அதன் பிறகு, 1846-இல் சிலாங்கூர் சுல்தான் இப்பகுதியை ராஜா ஜுமாட்டிடம் ஒப்படைத்தார். ராஜா ஜுமாட் திறமையான ஆட்சியாளர். ஆற்றையும் சுரங்கங்களையும் கண்காணிக்கும் வண்ணம் குன்றின் மேல் ஒரு கோட்டையைக் கட்டினார். 1847-இல் எழுந்த அந்தக் கோட்டையின் மதிலும் அகழியும் இன்றும் குன்றின் மேல் காணக் கிடைக்கின்றன.

மாணவமணிகளே, கோலாலம்பூரின் கதையும் ஒரு வகையில் இந்த ஆற்றங்கரையில்தான் தொடங்குகிறது. 1857-இல் ராஜா ஜுமாட்டும் அவருடைய உறவினர் ராஜா அப்துல்லாவும் மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி திரட்டினார்கள். 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே மேலேறி அம்பாங் பகுதியில் ஈயம் தேடப் போனார்கள். அவர்களுள் பெரும்பாலோர் காட்டுக் காய்ச்சலுக்குப் பலியானார்கள். பின்னாளில் கோலாலம்பூரை வளர்த்த காப்பித்தான் யாப் ஆ லோய் இளமையில் பிழைத்ததும் லுக்குட்டில்தான். ராஜா ஜுமாட் 1864-இல் காலமானார். அதன் பின் லுக்குட்டின் செல்வாக்குக் குறைந்தது. 1880-இல் அது சிலாங்கூரிலிருந்து பிரிந்து சுங்கை ஊஜோங்குடன் சேர்ந்தது. இன்று கோலாலம்பூர் பெருநகரம். அதற்கு ஆள் அனுப்பிய லுக்குட், வழிப்போக்கர் சாப்பிட்டுவிட்டுப் போகும் ஒரு சிற்றூர்.

லுக்குட்டை விட்டுத் தெற்கே சில கல் தொலைவு போனால் போர்ட்டிக்சன். இதற்கு முன்னாளில் ஆராங் என்று பெயர். மலாய் மொழியில் ஆராங் என்றால் கரி. கண்டல் மரத்தை வெட்டிச் சுட்டுக் கரியாக்கும் தொழில் இங்கே நடந்ததால் அந்தப் பெயர். ஆங்கிலேயர் இங்கே துறைமுகம் அமைத்து, நீரிணைக் குடியேற்றங்களின் காலனித்துவச் செயலாளராக இருந்த ஜான் பிரெடரிக் டிக்சனின் பெயரைச் சூட்டினார்கள். 1891-இல் சிரம்பானிலிருந்து இத்துறைமுகத்திற்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. உள்நாட்டு ஈயமும், பின்னர் தோட்டங்களின் ரப்பரும் அப்பாதை வழியே கடலுக்கு வந்தன. 1933 மார்ச் 1-ஆம் நாள் வெறும் 25 பேரோடு மலாய்ப் படைப்பிரிவு தொடங்கப்பட்டதும் இந்தப் போர்ட்டிக்சனில்தான். இரயில் ஓட்டம் இன்று இல்லை. காலையில் பால்வெட்டிய பாலைப் பாளமாக்கி ஏற்றி அனுப்பிய நம் பாட்டன் பாட்டிமாருள் எத்தனை பேர் அந்தக் கடலைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவர்களுடைய உழைப்பு கப்பலேறியது. அவர்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

அடுத்து, தெலுக் கெமாங் கடற்கரையைத் தாண்டிப் போகிறோம். சாலையிலிருந்து வலப்புறம் திரும்பினால் கடலுக்குள் மூக்கு நீட்டியது போல் ஒரு குன்று தெரியும். இதுதான் தஞ்சோங் துவான். போர்த்துக்கீசியர் இதற்குக் காபோ ரச்சாடோ, அதாவது பிளவுண்ட முனை, என்று பெயரிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் நெகிரி செம்பிலான் மண்ணில்தான் பயணம் செய்துகொண்டிருக்கிறோம். ஆயினும் இந்தக் குன்றில் கால் வைத்தால் மலாக்கா மாநிலத்திற்குள் வந்துவிட்டோம் என்று பொருள். நீரிணையைக் காவல் காக்க இம்முனை மலாக்காவை ஆண்டவர்களுக்குத் தேவைப்பட்டது. அதனால் சுற்றிலும் வேறு மாநிலமாக இருந்தும், இந்தத் துண்டு நிலம் மட்டும் மலாக்காவோடு நின்றுவிட்டது.

குன்றின் உச்சியில் வெள்ளை நிறக் கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1863-இல் எழுந்தது. அதன் அடியில் நின்று மேற்கே பாருங்கள். வானம் தெளிந்த நாளில் எதிர்க்கரையின் ரூப்பாட் தீவு கோடு போல் தெரியும். இடையிலுள்ள கடலின் அகலம் ஏறக்குறைய 38 கிலோமீட்டர்தான்.

இந்தக் கடலில் 1606-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு பெரும் போர் நடந்தது. மலாக்கா அப்போது போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. டச்சுக்காரத் தளபதி மட்டலீஃப் பதினொரு கப்பல்களோடு வந்து, ஜொகூரின் துணையோடு மலாக்காவை முற்றுகையிட்டார். நகரைக் காப்பாற்றக் கோவாவிலிருந்து போர்த்துக்கீசிய அரசப் பிரதிநிதி பெரும் கப்பற்படையோடு வந்தார். இரு படைகளும் இம்முனைக்கு அருகே மோதின. இரு தரப்பும் இரண்டிரண்டு கப்பல்களை இழந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். டச்சுக்காரரின் முற்றுகை அன்று முறிந்தது. ஆனால் அவர்கள் விடவில்லை. 1641-இல் மலாக்கா அவர்கள் வசமாயிற்று. அன்று தீப்பிடித்து மூழ்கிய நாசாவ் என்ற கப்பல், ஏறக்குறைய நானூறு ஆண்டு கடலடியில் கிடந்தது. 1995-இல் அதன் எச்சங்கள் ஆராயப்பட்டு மேலே கொண்டுவரப்பட்டன. அவற்றுள் சிலவற்றை லுக்குட் அரும்பொருளகத்தில் பார்க்கலாம். காலையில் லுக்குட்டில் பார்த்த பீரங்கி எங்கே மூழ்கியது என்பதை நண்பகலில் இக்குன்றில் நின்று கையால் சுட்டிக் காட்டலாம். இப்படி ஒரு பாடத்தைக் கரும்பலகையில் நடத்த முடியுமா?

இந்த முனைக்கு மனிதர் மட்டும் வரவில்லை, நேயர்களே. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கே வேறு பயணிகள் வந்து இறங்குகிறார்கள். தேன் பருந்தும் வல்லூறும் வேறு வேட்டைப் பறவைகளும் குளிர்காலத்தைச் சுமத்திராவிலும் அதற்கப்பாலும் கழித்துவிட்டுச் சீனா, ஜப்பான், சைபீரியா ஆகிய வட நிலங்களுக்குத் திரும்பும் காலம் அது. பெரிய பறவைகள் இறக்கையை ஓயாமல் அடித்துக்கொண்டு நெடுந்தொலைவு பறப்பதில்லை. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து வெப்பக் காற்று மேலெழும். அதில் ஏறிச் சுழன்று உயரே போய், அங்கிருந்து சறுக்கிக்கொண்டு முன்னேறும். கடலின் மேல் அத்தகைய காற்று போதிய அளவு எழுவதில்லை. ஆகவே கடலை மிகக் குறுகலான இடத்தில் கடப்பதே அவற்றுக்கு உயிர்காக்கும் வழி. அந்தக் குறுகலான இடம் இந்த முனைதான். முற்பகல் பத்து மணிக்கு மேல் கலங்கரை விளக்கத்தின் அருகே நின்றால், களைத்துப்போன பருந்துகள் தலைக்கு மேலே தாழப் பறந்து வந்து இக்காட்டின் மரங்களைத் தொடுவதைக் காணலாம்.

கப்பலோட்டிக்கும் பருந்துக்கும் ஒரே குன்று வழிகாட்டியிருக்கிறது, பாருங்கள்! 1921-இலிருந்தே இக்குன்று காப்புக் காடாக இருந்து வருகிறது. கரையோரக் குன்றுக் காடு என்பது மேற்குக் கரையில் இன்று அருகிவிட்ட ஒன்று. சுற்றிலும் தங்கும் விடுதிகளும் உயர்மாடிக் கட்டடங்களும் எழுந்த பின்னும் இக்குன்று பச்சையாக நிற்கிறது என்றால், அதைக் காக்க வேண்டும் என்று சிலர் நினைத்ததும் அதற்காகப் பேசியதும்தான் காரணம். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து இங்கே பறவை காணும் விழாவை நடத்தி வந்திருக்கிறது. சில நாளில் முறிந்துவிடக்கூடிய ஒரு காட்டை நூறாண்டு காத்து நின்றது இந்த அக்கறைதான்.

மீண்டும் சாலைக்கு வருவோம். பாசிர் பாஞ்சாங்கைக் கடந்து உள்நோக்கிப் போனால் பெங்காலான் கெம்பாஸ். இங்கே மரநிழலில் சில கற்கள் நிற்கின்றன. வாள், கரண்டி, சுக்கான் என்று அவற்றின் வடிவத்தைக் கொண்டு ஊரார் பெயரிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஷேக் அகமது மஜ்னுன் என்பவரின் கல்லறை. அங்குள்ள கல்வெட்டில் ஜாவி எழுத்தும், அதனினும் பழைய காவி எழுத்தும் சேர்ந்து இருக்கின்றன. அதன் காலம் 1467. மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம் அது. ஒரு மண்ணில் ஒரு நெறி முடிந்து மற்றொரு நெறி திடீரென்று தொடங்குவதில்லை, இரண்டும் சிறிது காலம் ஒரே நிழலில் நிற்கும் என்பதற்கு இக்கல் சான்று. நெகிரி செம்பிலானில் இத்தகைய கற்களை உயிர்க் கற்கள் என்று சொல்வார்கள். அவை வளர்கின்றன என்பது மக்களின் நம்பிக்கை. இங்குள்ள துளையிட்ட கல்லில் பொய்யன் கையை விட்டால் கை மாட்டிக்கொள்ளும் என்றும் சொல்வார்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால், கையை விடத் துணிபவர் எத்தனை பேர் என்று பார்ப்பதே ஒரு வேடிக்கைதான்!

இங்கிருந்து லிங்கி ஆறு பக்கம். இந்த ஆறுதான் நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லை. முகத்துவாரத்தில் கண்டல் காடு அடர்ந்திருக்கிறது. முதலைகள் உண்டு, ஆகவே கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சுங்கை ஊஜோங், ரெம்பாவ் பகுதிகளின் ஈயம் இந்த ஆறு வழியாகத்தான் இறங்கி வந்தது. ஆற்றின் வாயைப் பிடித்தவர் கையில் ஈய வாணிகமும் அகப்படும். லிங்கியில் நிலைகொண்ட பூகிஸ் தலைவர் டாயெங் கம்போஜாவின் படைகள் 1756-இல் மலாக்காவைத் தாக்கின. அதற்கு மறுமொழியாக 1757-இல் டச்சுக்காரர் கோலா லிங்கியில் ஒரு கோட்டை கட்டி, தங்கள் தலைமை ஆளுநரின் மகள் பெயரால் அதைப் பிலிப்பினா என்று அழைத்தார்கள். ஊர் மக்களோ அதைக் கோத்தா சுப்பாய் என்றே சொல்லி வந்தார்கள். நம் சிப்பாய் என்ற சொல்தான் மலாயில் சுப்பாய் ஆனது. ஆளுநர் மகளின் பெயரை ஏட்டில் தேட வேண்டியிருக்கிறது. கூலிக்குக் காவல் நின்ற சிப்பாயின் பெயர் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

ஆற்றைக் கடந்து மஸ்ஜித் தானா வழியாகக் கடலோரத்திற்குத் திரும்பினால் பெங்காலான் பாலாக், தஞ்சோங் பிடாரா கடற்கரைகள் வரும். இங்கே பாடாங் கெமுந்திங்கில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. காரா எனப்படும் ஆமைகள் இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, ஒரு குழியில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்பது அறிவியல் கண்ட உண்மை. இருட்டில் வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான பக்கம் கடல் என்று நம்பி ஓடும். கரையில் விளக்கு எரிந்தால் அது சாலையை நோக்கி ஓடிவிடும். ஆகவே இங்கே வரலாறு படிப்பதோடு, இரவில் கைவிளக்கை அணைத்துவைக்கவும் பிள்ளைகள் பழக வேண்டும்.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான நிறுத்தத்திற்கு வருகிறேன். மலாக்கா நகரை நெருங்கும்போது ஒரு பெயர்ப்பலகை தெரியும். தஞ்சோங் கிளிங். அதைப் படித்ததும் பேருந்தில் சில பிள்ளைகள் சிரிப்பார்கள். சிலர் முகம் சுருங்கித் தலையைக் குனிந்துகொள்வார்கள். கிளிங் என்ற சொல்லை நம்மை இழிவுபடுத்தும் வசையாகவே அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த வலி பொய்யல்ல. ஆசிரியராக இருப்பவர் அந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடக் கூடாது. பேருந்தை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும்.

கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இச்சொல், பழைய மலாய் நூல்களில் தென்னிந்திய நாட்டையும் அந்நாட்டு மக்களையும் குறிக்கும் பெயராகவே வழங்கியது. சுல்தானியக் காலத்து மலாக்காவில் அயல்நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர், கெலிங் வணிகரோடு வங்காளம், பெகு, பாசாய் வணிகரையும் கவனித்தார். தென்மேற்குப் பருவக்காற்றில் நம் முன்னோரின் கப்பல்கள் துணி ஏற்றிக்கொண்டு வந்தன. வடகிழக்குப் பருவக்காற்றில் வாசனைப் பொருளும் ஈயமும் ஏற்றிக்கொண்டு திரும்பின. காற்று மாறும்வரை தங்கியவர்கள் குடியேறினார்கள், மணந்தார்கள், மலாக்கா செட்டிகள் ஆனார்கள். 1613-இல் மலாக்காவைப் பற்றி எழுதிய எரேடியா என்பவர், உப்பே புறநகரில் கம்பன் கெலிங் என்ற பகுதி இருந்ததைக் குறித்திருக்கிறார்.

அந்த வணிகருள் நைனா சட்டு என்பவர் பெருஞ்செல்வர். 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அவர்களுக்குத் துணை நின்று, பெண்டகாரா பதவி பெற்றார். 1514-இல் பதவியை இழந்து, அந்த அவமானம் பொறாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்நியனுக்குத் துணைபோனது சரியா என்று பிள்ளைகள் கேட்கட்டும். கேட்க வேண்டும். நம்மவர் கதை என்பதற்காக அதில் கரும்புள்ளியை மறைக்க வேண்டியதில்லை. நம்மவர் இந்நாட்டுக் கதையில் இருந்தார்கள், நல்லதிலும் அல்லதிலும் இருந்தார்கள் என்பதே பாடம். தோட்டத்துக்குப் பால்மரம் வெட்ட வந்த பிறகுதான் தமிழர் இங்கே வந்தார்கள் என்று நினைக்கும் பிள்ளைக்கு, இந்தப் பெயர்ப்பலகை வேறொரு கதையைச் சொல்கிறது. வசைச்சொல்லை யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடல்முனையின் பெயர் வசைக்கு முந்தியது.

கடைசி நிறுத்தம் மலாக்கா நகரம். புனித பவுல் குன்றின் அடியில் நிற்கும் சந்தியாகோ வாயில், 1511-க்குப் பின் போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டையின் எச்சம். 1807-இல் ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்துக் கோட்டையைத் தகர்த்தார்கள். ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் தலையிட்டதால் இந்த வாயில் தப்பியது. கோட்டை தகர்ந்த செய்தியைத் தம் சரிதையில் விரிவாக எழுதியவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த அவர், அரபு, தமிழ் வழிவந்தவர், தமிழையும் முறையாகக் கற்றவர் என்பதை நம் மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

குன்றின் மேல் ஏறிக் கடலைப் பாருங்கள். ஒரு காலத்தில் கோட்டையின் அருகே அலை அடித்தது. இன்று கடல் வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. மண் கொட்டிக் கடலைத் தூர்த்து அந்த நிலத்தில் கடைகளும் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன. அப்பால் தெரியும் உப்பே தீவின் செம்பாறையை வெட்டித்தான் அக்கோட்டையைக் கட்டினார்கள் என்பார்கள். அந்தத் தீவின் மணற்கரை ஆமைகள் முட்டையிட்ட இடம். கடலைத் தூர்க்கத் தூர்க்க நீரோட்டம் மாறியது, தீவின் மணல் அரித்தது, ஆமைகளுக்கும் இடம் குறைந்தது. நகரம் வளர நிலம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஒரு கரையை நீட்டினால் மறு கரை தேயும் என்பதும் உண்மை.

நேயர்களே, நாம் முதலில் கேட்ட இரண்டு கேள்விகளோடு இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது. இயற்கை வைத்தது என்ன, மனிதர் செய்தது என்ன என்று பார்த்தோம். இனி எஞ்சப்போவது என்ன? தஞ்சோங் துவான் காடு எஞ்சியது, காத்தார்கள். சந்தியாகோ வாயில் எஞ்சியது, ஒருவர் தடுத்தார். கோட்டையின் மற்ற மதில்கள் போயின, தடுப்பார் இல்லை. இதை விடச் சுருக்கமாக வரலாற்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த சுற்றுலாவுக்குப் பிள்ளைகளிடம் காசு திரட்டும்போது, கடல் குளியலுக்கு அரை நாளும் இந்தச் சாலைக்கு அரை நாளும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். வழியில் காணும் ஊர்ப்பெயர்களை எழுதிவந்து, அவற்றின் பொருளை வீட்டுப் பெரியவர்களிடமும் மலாய், சீன அண்டை வீட்டாரிடமும் கேட்டறியச் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வந்து கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். உங்கள் தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதுவும் இந்தச் சாலையின் வரலாறுதான்.